வேண்டாமென்ற கடிதத்தில் என் கையெழுத்து

எங்கள் தெருவில் மனநோய்க்காரருக்கும் போதைக்காரருக்கும் பகல் நிலையம் திறக்கக் கூடாது என்று பிரதேச செயலகத்துக்குப் போன கடிதத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை. அடையாள அட்டை இலக்கத்தையும் நானே எழுதினேன். அந்த நிலையத்துக்கு முதல் ஆளாகப் போகவிருந்தவன் என் தம்பி.

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எப்படி நடந்தது என்று எழுதிவைக்கிறேன்.

தம்பிக்கு இப்போது நாற்பது வயது. இருபத்தொன்றில் வருத்தம் வந்தது. முதலில் நித்திரை போனது. பிறகு சுவருக்குள் இருந்து யாரோ கதைக்கிறார்கள் என்றான். ஓதிப் பார்த்தோம், நூல் கட்டினோம், இரண்டு வருடம் வீணாகப் போனது. அவன் கிணற்றுக்குள் இறங்கப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. மாதத்துக்கு ஒரு ஊசி, நாளுக்கு இரண்டு குளிசை. அதை ஒழுங்காகப் போட்டால் அவன் உங்களையும் என்னையும் போலத்தான். விட்டால் மூன்றாம் கிழமை சுவர் கதைக்கத் தொடங்கிவிடும்.

உம்மா மௌத்தான பிறகு அவன் என்னோடு இருக்கிறான். எனக்குக் கருவாட்டு வாடியில் வேலை. மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைக்க வேண்டும். நாள் கூலி. ஊசி நாளில் வேலைக்குப் போக முடியாது. மன்னார்த் தீவின் நடுவில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் மன்னார் டவுனுக்குப் போய், கிளினிக் வாங்கில் அரை நாள் குந்தியிருந்து, வீடு திரும்பப் பின்னேரம், அஸர் தொழுகை நேரம் ஆகிவிடும். அவனைத் தனியே அனுப்ப முடியாது. பஸ்ஸில் பாட்டுச் சத்தம் கூடினால் கண்ட இடத்தில் இறங்கிவிடுவான். ஒருமுறை அப்படி இறங்கி, ரயில் பாதை வழியே தலைமன்னார்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தவனை மீன் லொறிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அதற்குப் பிறகு நான் அவன் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போகிறேன். அது அவனுக்கு எவ்வளவு வெட்கம் என்று எனக்குத் தெரியும். முகத்தில் இளநரைத் தாடி வைத்திருக்கிற ஆம்பிளை, ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவது. எங்கள் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. யுத்தம் முடிந்த காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் அதைக் கந்தோராக வைத்திருந்தது. சொந்தக்காரர் கொழும்பில். சுகாதாரப் பகுதி அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, தீவின் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பகல் நிலையம் நடத்தப்போவதாக, கிளினிக்கில் இருக்கிற மிஸ் எங்கள் வாசலுக்கே வந்து சொன்னார். மனநல மருத்துவத்தாதி. நறுவிலிக்குளத்துப் பெண். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். ஊசி, மருந்து, பகலில் இருந்து கதைக்க ஒரு இடம், சின்னத் தோட்டம், தூள் பழக்கத்தை விட நினைக்கிறவர்களுக்குக் கிழமையில் இரண்டு நாள். இவ்வளவுதான் திட்டம்.

மிஸ் தம்பியிடம், "உங்க வாசல்லேர்ந்து அந்த கேட் வரைக்கும் எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்டார்.

அவன் எழும்பிப் போனான். நடந்துவிட்டு வந்து, "நூற்றி எழுபத்திரண்டு," என்றான்.

"அப்ப அக்கா எதுக்கு? நீங்க தனியாவே வந்துரலாமே."

அன்றிலிருந்து அவனுக்கு அதே கதைதான். கடைக்காரரிடம் சொன்னான். மீன் கொண்டுவருகிறவரிடம் சொன்னான். "வாற மாசம் நான் தனியப் போறன்." சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வேண்டும் என்றான். வாங்கிக் கொடுத்தேன். சேர்ட்டை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தான்.

இப்போது அந்தத் தாளைப் பற்றி.

எங்கள் தெருவில் ஒரு சேர் இருக்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களான எங்கள் ஆட்கள் முழுப் பேரையும் இயக்கம் வடக்கை விட்டு அனுப்பியபோது எனக்குப் பதினாறு வயது. புத்தளத்தில் முகாமில் இருந்தோம். அங்கே நிவாரண லிஸ்ட் எழுதியவர் இவர். அப்போது இளம் வாத்தியார். அரிசிக்கு ஒரு லிஸ்ட், பால்மாவுக்கு ஒரு லிஸ்ட், கூரைத் தகரத்துக்கு ஒரு லிஸ்ட். ஒரு குடும்பத்தையும் விட்டதில்லை. தன் குடும்பத்தை முன்னுக்கு எழுதியதுமில்லை. அதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஒருமுறை தகர லிஸ்ட் எடுக்க வந்த அதிகாரிகள் அரை மணித்தியாலத்தில் போய்விட்டார்கள். உம்மா தண்ணீர் அள்ளப் போயிருந்தா. எங்கள் பெயர் விடுபட்டது. சேர் பின்னால் ஓடிப்போய்க் கேட்டும் நடக்கவில்லை. அந்த மாரி முழுக்க ஓட்டைக் கிடுகுக் கூரைக்குக் கீழே, பாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தோம். அதற்குப் பிறகு உம்மா எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான். பேப்பர் வந்தால் முதலில் பேரை எழுது, பிறகு என்னவென்று கேள். எங்கள் வீட்டில் மட்டுமில்லை. முகாமில் இருந்த எல்லா வீட்டிலும் இதுதான் பழக்கம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் விடவில்லை. கோடு போட்ட தாளோடு ஒருவர் வந்தால் எங்கள் கை தானாகப் பேனையைத் தேடும். அதுவும் சேர் வந்தால் கேட்கவே வேண்டாம்.

அவர் வந்தபோது நான் குசினி வாசலில் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இதில ஒரு கையெழுத்து வைக்கோணும்."

"என்னத்துக்கு சேர்?"

"தெரு விஷயம்."

"ஆர் ஆர் வச்சது?"

"நான், உங்கட பக்கத்து வீட்டுக்காரர். நீங்க மூண்டாவது."

மூன்றாவது என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. முன்னுக்கு இருக்கிறோம், விடுபடமாட்டோம் என்ற நிம்மதி. நினைத்தால் இப்போதும் எனக்கு என்னில் எரிச்சல் வருகிறது. தாளில் மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மழைக்கு எங்கள் தெரு கான் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வரும், அதற்காக இருக்கும் என்று நினைத்தேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வைத்தேன். தாளில் ஒரு செதில்கூட ஒட்டிக்கொண்டது. சேர் அதைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஊசி நாளில் மிஸ் எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. எங்கள் முறை வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அக்கா, கோவிக்காதீங்க. உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு விருப்பமில்ல?"

மேசை லாச்சியிலிருந்து போட்டோக்கொப்பி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். நான் கையை நீட்டுமுன் தம்பி எடுத்துவிட்டான். அவன் ஓ.எல். வரை படித்தவன். சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். பெண்பிள்ளைகள் நடமாடும் வீதி, மனநிலை குழம்பியோர், போதைக்கு அடிமையானோர், எமது பிரதேசத்தின் நற்பெயர். வாசித்து முடித்துத் தாளைத் திருப்பினான். பின்னால் இணைத்த தாளில் கையெழுத்துகள். விரலை மேலிருந்து கீழே கொண்டுவந்தவன் மூன்றாவதில் நிறுத்தினான்.

"இது நீங்க."

"வாசிக்காமப் போட்டுட்டன்டா. மேல ஒண்டும் எழுதியிருக்கேல்ல."

"நீங்க எல்லாத்தையும் வாசிப்பீங்க. என்ட மருந்துப் போத்தல்ல உள்ள எழுத்தைக்கூட வாசிப்பீங்க."

"அல்லாஹ்வுக்காக நம்புடா."

"எனக்கும் அங்க வர விருப்பமில்ல மிஸ்," என்று சொல்லிவிட்டு எழும்பினான். ஊசி போடவில்லை. மிஸ் பின்னால் வந்தார், நான் வந்தேன், கெஞ்சினோம். பஸ் நிலையத்தில் எனக்கு ஐந்து ஆள் தள்ளி நின்றான். பஸ்ஸில் கையைப் பிடிக்க விடவில்லை.

அன்று பின்னேரமே சேர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"சேர், என்ட பேரை வெட்டுங்கோ."

"எதில?"

"எதிலயெண்டு உங்களுக்குத் தெரியும். தெரு விஷயமெண்டு சொல்லி வாங்கினீங்க."

"தெருவில நடக்கிறது தெரு விஷயம்தானே தங்கச்சி. கடல் விஷயமா?"

"அது என்ட தம்பி போற இடம்."

கண்ணாடியைக் கழற்றினார். "தம்பியை நினைச்சு எழுதேல்ல. அவன் ஆருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்காதவன். வெளியால இருந்து வாறவங்களைத்தான் சொன்னது. தூள் பாவிக்கிறவன் பஸ்ஸால இறங்கி, எங்கட பிள்ளையள் டியூஷனுக்குப் போற றோட்டில நிண்டா எப்பிடி?"

"பாவிக்கிறவன் வந்து மருந்து எடுத்தாப் பிழை. விக்கிறவர் குடியிருந்தாப் பிழையில்லையா?"

எங்கள் தெருவில் இரண்டு மாடி கட்டியிருக்கிறவர் எதில் கட்டினார் என்று எல்லாருக்கும் தெரியும். கடலால் வருகிறதை அவர் வாங்கி விற்கிறார்.

"அவர்ட மகள்ட கலியாணத்துக்கு நீங்களும் போனீங்க. ஒரே சஹன் தட்டைச் சுத்தி இருந்து சாப்பிட்டீங்க. நானும்தான் சாப்பிட்டன், இறைச்சி கூடக் கேட்டு வாங்கினன். அவருக்கு எதிரா ஒரு கடிதம் எழுதுவமா சேர்? நான் முதலாவதா வைக்கிறன்."

"மெதுவாக் கதையுங்கோ," என்றார். அந்த வீடு பக்கத்தில்தான்.

"புத்தளத்தில சில பேர் எங்களுக்கு இதைத்தான் சொன்னாங்க. அகதி வந்தா கிணறு ஊத்தையாகும், களவு கூடும் எண்டு. அப்ப முன்னுக்கு நிண்டு கதைச்சது நீங்க."

"அது வேற."

"என்ன வேற?"

"நாங்க வருத்தக்காரர் இல்லையே, தங்கச்சி."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லிஸ்ட் எழுதிய காலத்தில் செய்ததைப் போல, இப்போதும் ஊருக்கு ஒரு நன்மை செய்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கடிதம் போய்விட்டது, வெட்ட ஒன்றும் இல்லை, வேண்டுமென்றால் நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கோ, நான் தடுக்கமாட்டேன் என்றார். தடுக்கவுமில்லை.

எழுதினேன். வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டோம், மீளப் பெறுகிறோம் என்று இரண்டு வரி. வீடு வீடாகப் போனேன். நாற்பத்தாறு பேர் வைத்திருந்தார்கள். என்னைப் போல் கானுக்கு என்று நினைத்தவர்கள் பலர். ஒருவர் நுளம்புக்குப் புகை அடிக்க என்று நினைத்தாராம். ஒரு பொம்பிளை குர்பான் இறைச்சிக்கு டோக்கன் தரப்போகிறார்கள் என்று புருஷன் பேரையும் மாமியார் பேரையும் சேர்த்து எழுதியிருந்தா. எழுத வாசிக்கத் தெரியாத ஒரு வயதான மனுஷி, நிலையம் வரட்டும் என்று கேட்கிற தாள் என்று நினைத்துப் பெருவிரல் வைத்தவ.

தெரிந்தே வைத்தவர்களும் இருந்தார்கள். பத்துப் பேர் இருக்கும். மூன்று பெண்பிள்ளைகள் வைத்திருக்கிற ஒருத்தி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே, "எனக்குப் பயம் ராத்தா. பொய் சொல்லமாட்டன்," என்றா. அவவோடு எனக்குக் கோபமில்லை. பயத்துக்கு நான் என்ன பதில் சொல்ல? எனக்கும் தம்பியில் சில நாள் பயம் இருந்தது.

எனக்குக் கோபம் மற்றவர்களில். கான் என்று நினைத்து வைத்தவர்கள் என் தாளில் வைக்கமாட்டார்களாம்.

"ஒருக்கா வாசிக்காம வச்சுப் பட்டது போதும்."

"இப்பதான் வாசிச்சுக் காட்டினேனே."

"இதைப் பிறகு நீங்க எங்க கொண்டு போவீங்களெண்டு தெரியுமா?"

ஆயுசு முழுக்க எல்லாத் தாளிலும் முந்திக்கொண்டு பேர் எழுதிய சனத்துக்கு, என்னுடைய தாளைக் கண்டதும் புத்தி வந்துவிட்டது. ஐந்து கையெழுத்துத்தான் கிடைத்தது. என்னுடையதையும் அந்த மனுஷியின் பெருவிரலையும் சேர்த்து.

முன்பள்ளியில் கூட்டம் வைத்தார்கள். பெரிய கதிரை ஒன்றுதான் இருந்தது, அதில் பிரதேச செயலகத்து உத்தியோகத்தர். நாங்கள் எல்லாரும் குழந்தைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம். மிஸ் சுவரோரம் நின்றார். உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான், என் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"அம்மா, ஒரு பக்கம் நாற்பத்தாறு. இன்னொரு பக்கம் அஞ்சு. நான் என்ன செய்ய?"

"கேளுங்கோ. எத்தினை பேர் வாசிச்சு வச்சதெண்டு இங்க கேளுங்கோ."

கேட்டார். ஒரு கையும் எழும்பவில்லை. வாசிக்காமல் வைத்தவர்கள் யார் என்று கேட்டார். அதற்கும் எழும்பவில்லை. சேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி என் தோளைத் தொட்டு, "உங்கட தம்பியைச் சொல்லேல்ல ராத்தா. அவன் தங்கம்," என்றா.

"தங்கமெண்டா அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டலாம். அவனை எங்க வைக்கச் சொல்றீங்க?"

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. நீங்கள் வெளியால் வாறவன் என்று சொல்கிறவனுக்கும் பேசாலையிலோ பெரியமடுவிலோ ஒரு ராத்தா இருப்பா, அவட தெருவிலயும் அவன் தங்கம்தான் என்றேன். பிறகு நாக்கு அடங்காமல் இரண்டு மாடி வீட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அதைச் சொன்னது பிழையென்று மிஸ் பிறகு என்னிடம் சொன்னார். இருக்கலாம்.

அந்தக் கிழமையே வீட்டுச் சொந்தக்காரர் கொழும்பிலிருந்து போன் எடுத்து, தனக்குக் கரைச்சல் வேண்டாம், வீடு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முடிந்தது. இப்போது அங்கே கலியாண வீடுகளுக்குக் கதிரையும் சட்டி பானையும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

தம்பிக்கு ஊசி தவறி மூன்றாம் கிழமை நித்திரை போனது. நான்காம் கிழமை சுவரோடு சண்டை பிடித்தான். குளிசையைத் தந்தால் என் முகத்தைப் பார்ப்பான், பிறகு அதைப் பார்ப்பான், துப்புவான். நான் எதையாவது வாசிக்காமல் தந்திருப்பேன் என்று சொல்வான். ஒரு நாள் விடியப்புறம் கிணற்றடியில் நின்றவனைப் பிடிக்க என் ஒருத்தியால் முடியவில்லை. கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தா. சேர் சாரத்தோடு ஓடிவந்து, அவனைப் பின்னால் கட்டிப்பிடித்து, தன் மகனின் ஆட்டோவில் ஏற்றி, டவுன் ஆஸ்பத்திரி வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க யாசீன் ஓதிக்கொண்டு வந்தார். வார்டில் இருந்த பதினாறு நாளும் பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொடுத்தனுப்பினா. நான் வாங்கினேன். நன்றி சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிந்து என்ன செய்ய? எங்கள் வாசலில் இருந்து நூற்றி எழுபத்திரண்டு அடியில் ஒரு ஊசி கிடைத்திருந்தால் அவருக்கு ஓதிக்கொண்டு ஓட வேண்டிய தேவையே இருந்திருக்காது. இதை ஆட்டோவிலேயே அவர் முகத்துக்குச் சொன்னேன். அவர் ஓதுவதை நிறுத்தவில்லை.

பகல் நிலையம் கடைசியில் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் திறந்தது. சுற்றிவர வயல். எதிர்ப்புச் சொல்லப் பெரிய அயல் இல்லை. எங்களுக்கு இரண்டு பஸ். டவுனில் இறங்கி மாற வேண்டும். அவனுக்கு மாறுகிற இடம்தான் பயம். தனியே மாறமாட்டான். ஆகவே அவன் போகிற நாட்களில், கிழமைக்கு இரண்டு நாள், எனக்கு வாடி வேலை இல்லை.

முதல் தடவை போக அவன் சம்மதிக்க ஒரு மாதம் எடுத்தது. மிஸ் போனில் கதைத்துக் கதைத்துத்தான் சம்மதிக்கவைத்தார். போகும் நாள் காலை சேர்ட் போட்டான், சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தான். பஸ் வரும்போது நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவன் பிடிக்கவில்லை.

"ராத்தா, நீங்க பின் கதவால ஏறுங்கோ."

"ஏன்டா?"

"நான் முன்னுக்கு இருக்கிறன். நீங்க எனக்குத் தெரியாத ஆள்."

முன் கதவால் ஏறி, சாரதிக்குப் பின்னால் இருந்த சீற்றில் இருந்தான். நான் பின்னால், கருவாட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில். கொண்டக்டர் அவனிடம் போனார். எத்தனை பேர் என்று கேட்டிருக்க வேண்டும். அவன் ஒரு விரலைக் காட்டினான்.

டவுனில் இறங்கியதும் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே நின்றான். நான் பத்தடி பின்னால் நின்றேன். இரண்டு பஸ் போனது. பிறகு நான் அவனைக் கடந்துபோய், எங்களுக்குரிய பஸ்ஸுக்கு முன்னால், வேறு யாரோ போல நின்றுகொண்டேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு வந்து ஏறினான்.

ஆறு மாதமாக இப்படித்தான் போகிறோம். நிலையத்தில் மற்றவர்களிடம் தனியே வருவதாகச் சொல்லியிருக்கிறான். மிஸ்ஸுக்கு உண்மை தெரியும். நான் உள்ளே போவதில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்துக்குக் கீழே அவன் முடித்து வரும் வரை இருக்கிறேன். வெளியே வரும்போது என்னைக் கடந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போவான். நான் கொஞ்சம் பொறுத்து எழும்பிப் போவேன்.